முதல் அடம்

என்னங்க,

"நம்மகிட்ட ஒட்டவே மாட்டாளோ?" என்று கேட்டுவிட்டுக் கப்பலேறினீர்களே. தத்தெடுத்து வந்த நாள் முதல் நம் மகள் எதற்கும் அடம் பிடிக்காதவள் என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டோம். அது சமர்த்து இல்லையாம். காப்பகத்தில் பயந்தே கழிந்த மழலைப் பருவத்தில், ஆசைப்பட்டு எதிர்பார்க்கும் மூளைப் பகுதி அடங்கிப்போயிருக்கலாம், மெல்ல மெல்லத்தான் விழிக்கும் என்றார் டாக்டர்.

இன்று பூங்காவில் ஊஞ்சலை நிறுத்தி, "போகலாமா கண்ணு?" என்றேன். சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டு, "வரமாட்டேன் போ! இன்னும் வேணும்!" என்று வீறிட்டாள். பக்கத்திலிருந்த ஒரு பெண், "ரெண்டு போடுங்க, அடங்கிடும்" என்றாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஓர் ஆசை பிறப்பதைக் கண்ணால் பார்த்தேனே! கை ஓயும்வரை ஆட்டினேன்.

"நாளைக்கும் வேணும்" என்று சொல்லிவிட்டுத்தான் தூங்கினாள். நாளை என்ற சொல்லை அவள் வாயில் நான் கேட்டதே இல்லை.

சீக்கிரம் வாருங்கள். ஊஞ்சல் தள்ள இன்னும் இரண்டு கை வேண்டும்.

தோள் வலியோடு,
அவள் அம்மா