அறுபத்திரண்டு பேரின் சுகம்

14.05.1986, புதன்

உன்னிச்சைக் குளத்தோரத்து மலேரியா இவ்வாண்டும் ஊரை விடவில்லை. இன்று டொக்டர் கனகசிங்கம் ஒரு மருந்துக் கம்பனியின் புதிய குளிசைகளோடு வந்து, அவற்றைப் பரீட்சிக்க இசைந்த அறுபத்திரண்டு பேரின் பதிவேட்டை என்னிடம் ஒப்படைத்தார். இரத்தத் துளி எடுக்கும் கண்ணாடித் தகடுகள் சோதனைச் சாவடியில் நொறுங்கிவிட்டனவாம். கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கரான என்னிடம் எவரும் பொய்யுரையார். வீடு வீடாகக் கேட்டு எழுதினால் போதும் என்றார்.

முதற்பெயர் அன்னப்பூரணி. மூன்று வருடமாக நடுங்கும் என் மனையாள். தாயே, இதுவே அவளுக்கு அமுதமாகட்டும்!

17.05.1986, சனி

நேற்று ஆண்டுச் சடங்குக்காகக் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தது. நெற்றி நிறைய நீறு, கையில் பதிவேடு. ஒவ்வொரு வாசலிலும் ஒரே விடை: "சுகம் ஐயா!" ஒவ்வொன்றையும் மகிழ்ச்சியோடு எழுதினேன்.

22.05.1986, வியாழன்

அறுபத்திரண்டு பேருக்கும் சுகம்! டொக்டர் துள்ளுகிறார். "வண்ணக்கரையா, நீங்க சாட்சிக் கையெழுத்து வெச்சா, பழைய குளிசைய நிப்பாட்டிப்போட்டு இதையே எல்லா ஊருக்கும் குடுப்பாங்க."

சடங்கின் கடைசி நாளான திருக்குளிர்த்தி முடியட்டும் என்றேன்.

24.05.1986, சனி

நேற்றுக் குளிர்த்தி, கதவு அடைத்தாயிற்று. இன்று விடியலில் அன்னப்பூரணி பாயில் சுருண்டு கிடந்தாள்.

"புதுக் குளிசைக்குப் பிறகு காய்ச்சல் இது நாலாந்தரம்."

"சுகமெண்டுதானே சொன்னாய்?"

"கதவு திறந்திருக்கக்குள்ள காய்ச்சலெண்டு வாயால சொல்லுறதா? அதுவும் வண்ணக்கர்ட்ட? நல்ல கதை!"

ஐயோ! அம்மன் கதவு திறந்திருக்கும் நாளில் நோயின் பெயரை உச்சரியாதீர் என்று ஆண்டுதோறும் ஊருக்கு உரைப்பவன் யார்? நானே. அந்த நாட்களிலேயே போய்க் கேட்டவனும் நானே!

25.05.1986, ஞாயிறு

மீண்டும் எல்லா வீட்டிலும் கேட்டேன். முப்பத்தெட்டுப் பேருக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது! வழக்கம் மட்டுமா காரணம்? பதிவேட்டிலுள்ள ஆச்சிப்பிள்ளை சிரிக்கிறாள்: "நீங்க அவ்வளவு ஆசையாக் கேட்டயள் ஐயா. உங்கட மூஞ்சிய வாடவைக்க மனம் வரல்ல."

என் முகமே விடையை எழுதியிருக்கிறது. வெட்கத்தை விஞ்சி ஒரு கிளர்ச்சி! கோயில் ஓலையேடுகளைப் பெயர்த்தெழுதிய நாற்பது வருடத்தில் கண்டதல்லவா இது? பொருள் அறிந்து ஆசையோடு எழுதுபவனே, ஏட்டில் இல்லாத அழகிய சொல்லைப் புகுத்துவான். ஆசை கண்ணை மறைக்கும். அப்படியானால், கேட்பவன் எதுவும் அறியாதிருக்க வேண்டும்!

26.05.1986, திங்கள்

கையெழுத்து வைக்கவில்லை. டொக்டருக்குச் சினம். "அறிக்கையக் கட்டிட்டன் ஐயா. கம்பனிக்காரன் காத்துக்கொண்டிருக்கான்."

"கம்பனிக்காரன் பாயில நடுங்கல்லயே, தம்பி."

பழையதையும் புதியதையும் ஒரே மாதிரியான தாளில் தனித்தனியே பொதிந்து, எவருக்கு எது என்று எனக்குத் தெரியாமல் கொடுக்கலாம் என்றேன். ஏறாவூர்த் தாதி ஸகியா என்னையும் விஞ்சிவிட்டாள்: "டொக்டருக்கும் தெரியப்படா. பொதியில நம்பர் மட்டும் போடுவம். எது எதெண்ட துண்டை உறைக்குள்ள வெச்சு ஒட்டிப்போடுவம். சுகமோ எண்டு ஆரும் கேக்கவும் வேணாம். விரலக் குத்திப் பாப்பம்."

டொக்டர் அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கிழிக்கவில்லை. ஆயினும் அனுப்பவுமில்லை!

02.06.1986, திங்கள்

மூன்று நாளாய்ப் படகுத்துறை மூடியிருந்தது. இன்று ஸகியா தகடுகளை அரிசிக்குள் புதைத்துக் கொண்டுவந்தாள் – ஒன்றேனும் உடையவில்லை! மாலையில் எண்ணிட்ட பொதிகளை வீடு வீடாகக் கொடுத்தோம்.

11.06.1986, புதன்

அன்னப்பூரணிக்குக் காய்ச்சல் இல்லை. புதிய குளிசைதான்; ஐயமே இல்லை. (இப்படி எழுதலாமா நான்?)

19.07.1986, சனி

உறையைப் பிரித்தோம். பழையது உண்ட முப்பத்தொருவரில் தேறியோர் பதினெட்டு, புதியதில் பதினேழு. இவ்வளவே! டொக்டர் பழைய அறிக்கையை எடுத்து, அதன் பின்புறத்திலேயே இந்தக் கணக்கை எழுதினார். வாய்விட்டுச் சிரித்தார். கையெழுத்து வைத்தேன்.

அன்னப்பூரணி உண்டது பழையது! மூன்று வருடமும் கசப்பென்று பாதியைக் கோழிக்கு வீசியிருக்கிறாள். இம்முறை ஸகியா எதிரில் நின்று விழுங்கவைத்தாளாம்.

மாலையில் வழக்கம்போல் கேட்டுவிட்டேன்: "சுகமா?"

அவள் விரலை நீட்டினாள்.