மணிக்கட்டில் உன் எண்

அன்பு மகளுக்கு,

செவ்வாயன்று ஒரு பெண் உன்னைக் கூப்பிட்டு, "உங்கப்பா கண்ணாடி போட்ட ஒல்லி வாத்தியாரா?" என்று கேட்டாளே, அவள் மோசடிக்காரி அல்ல. பச்சை குத்துகிறவள்.

போன மாதம் பத்து நிமிட நடையில் இருக்கும் சந்தையிலிருந்து வீடு திரும்ப எனக்கு நான்கு மணி நேரம் ஆனது. அதை விடு. உன் எண்ணை மணிக்கட்டில் குத்திக்கொள்ள நினைத்தேன். பெரிய கடையில் என் வயதைப் பார்த்துச் சிரித்தார்கள். அதனால் பதினொரு கேள்விகளை எழுதிக்கொண்டு இவள் வீட்டுக்குப் போனேன்.

"லைசென்ஸ் இருக்காம்மா?"

"இல்லைங்கய்யா. ஊசி புதுசு, உங்க கண்ணு முன்னாடிதான் பிரிப்பேன். பயமா இருந்தா எழுந்து போங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

போவதா இருப்பதா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, நான் நினைவிலிருந்து எழுதிக் கொடுத்திருந்த எண்ணை அவள் தன் போனில் அழுத்தினாள்.

"குத்திட்டா அழிக்க முடியாது. ஒருதடவ பேசிப் பாத்துடுறேன்."

யாரோ ஓர் ஆள் எடுத்துக் கத்தினார்.

"இவரா வந்து உங்களக் கூட்டிட்டுப் போவாரு? டைரிய எடுங்கய்யா."

டைரியில் இருந்த எண்ணில்தான் நீ பேசினாய். நான் கேள்வித்தாளை மடித்துவிட்டுக் கையை நீட்டினேன்.

வீக்கம் வடிந்துவிட்டது. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: இந்த எண்ணை மட்டும் மாற்றிவிடாதே, அம்மா.

உன் அப்பா