கல் பதிக்க வேண்டாம்

திண்டிவனம்

அன்புள்ள மெர்லின் அப்பாவுக்கு,

மாதா உங்களை அந்தப் பாலைவன வெயிலிலும் சுகமாக வைத்திருக்கட்டும். உங்கள் சூசை மேரி எழுதுகிறேன். உங்கள் ரூமில் தங்கும் கோட்டக்குப்பத்து ஜாபர் பாய் லீவு முடிந்து திரும்புகிறார். அவரிடம் வறுத்த மல்லாட்டைக் கடலையும் இந்தக் கடிதமும் கொடுத்திருக்கிறேன். போனில் மெர்லின் பேரை எடுத்தாலே டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது பாருங்கள்.

சின்னவன் ஜெனித் விழுப்புரம் ஐ.டி.ஐ.க்கு ஒழுங்காகப் போய்வருகிறான். அவன் உடம்பு லேசாகச் சுட்டாலே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறேன். அவன் சிரிக்கிறான். ஒரு காய்ச்சலுக்குப் பிள்ளையைக் கொடுத்தவளுக்குத்தானே தெரியும்.

கல்லறைக்குக் கிரானைட் பதிக்க நீங்கள் அனுப்பிய பணம் வந்தது. கொத்தனார் பச்சைமுத்து கல்லையும் இறக்கிவிட்டார். நான்தான் வேலையை நிறுத்தச் சொன்னேன். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

அடக்கத்தன்று வீடியோவில் நீங்கள் பார்த்தது வெறும் செம்மண் மேடு. அடுத்த மழைக்கே அதில் அருகம்புல் வந்தது. களை எடுத்துப் பழகிய கை, பிடுங்கத்தான் போனது. ஆனால் அவள் ஞாபகம் வந்து நிறுத்திவிட்டேன். காலேஜ் பாடத்துக்கென்று மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நாலு செங்கல் நட்டு, உள்ளே யாரும் கை வைக்கக் கூடாது என்று என்னை மிரட்டுவாளே! "வெறும் மண்ணுல மொதல்ல புல்லு வரும்மா. புல்லு மக்கிச்சின்னா செடி நிக்கும். செடி நெழல்ல மரம் மொளைக்கும். மொதல்ல வந்தது அடுத்து வர்றதுக்கு எடம் பண்ணிட்டுப் போவும்" என்பாள்.

அவள் சொன்ன மாதிரியே நடந்தது. புல்லுக்கு வெட்டுக்கிளி வந்தது, அதைத் தின்ன மைனா வந்தது. தும்பை பூத்தது. ஒரு நாள் பார்த்தால் தும்பைக்கு நடுவில் ஒரு வேப்பங்கன்று. வெயிலைப் புல் தின்கிறது, புல்லைப் பூச்சி தின்கிறது, பூச்சியைக் குருவி தின்கிறது, எல்லாம் ஒரே சத்துதான் கைமாறுகிறது என்றும் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் அந்தச் சத்தில் நம் பிள்ளையும் இருக்கிறாள்தானே? மைனா கத்தும்போதெல்லாம் எனக்கு அழுகையும் வந்தது, ஆறுதலும் வந்தது.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் நான் ஜெனித்தின் பீஸ் விஷயமாக விழுப்புரம் போயிருந்தேன். ஊரே கல்லறைகளில் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்திருக்கிறது. என்னோடு களை எடுக்கும் மலர்விழி, பாவம் அக்கா தனியாகச் செய்வாளே என்று நம் மேட்டையும் செதுக்கிவிட்டாள். வேம்பையும்தான். மேலே சாமந்தி பரப்பி, "யக்கா, ஒரு புல்லு உடல, எப்படிக் கீது பாரு" என்று பெருமையாகக் காட்டினாள். அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிள்ளையை இன்னொரு முறை புதைத்த மாதிரி இருந்தது.

நேற்று மழை விட்டதும் போனேன். சாமந்தி அழுகிக் கிடந்தது. அடியில் அருகம்புல் தலை நீட்டியிருந்தது. வேம்பு வெட்டின இடத்தில் செக்கச்செவேலென்று துளிர். வேர் உள்ளே இருந்தால் ஜல்தியாக வந்துவிடும் என்று அவள் இதையும் சொல்லித்தான் இருந்தாள். கிரானைட்டைப் போட்டு மூடினால் ஒன்றும் வராதுங்க.

அடக்கத்துக்கு உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. உங்களை யாரும் குறை சொல்லவில்லை, அவளும் சொல்ல மாட்டாள். அதற்கு ஈடாகக் கல்லை அனுப்பாதீர்கள். நீங்கள் வாருங்கள். துளிர் இப்போது என் கணுக்கால் உயரம்கூட இல்லை, பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது. நீங்களும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற உயரத்தில் அது இருக்கும்போதே வந்துவிடுங்கள்.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
மெர்லின் அம்மா