ஆலய மணிக்கு விளக்கம் கேட்டவர்கள்

அண்ணே,

இன்று வெள்ளையடிக்க வந்தவர்கள் ஒலிப்பதிவு அறை ஜன்னலை அடைத்திருந்த பழைய நார் மெத்தையை உருவி எடுத்தார்கள். மக்கிய தேங்காய் நாரின் வாடை அறை முழுக்கப் பரவியது. புதிதாகச் சேர்ந்த பெண், "இது எதுக்கு இங்க?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அரசாங்கம் மணிச் சத்தத்துக்குப் பயந்த காலத்தில் வைத்தது" என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இந்த மலையாள நகரத்தில், தேவாலய வளாகத்துக்குள் நம்முடைய சின்ன சமுதாய வானொலி. ஒலிப்பதிவு நீங்கள், தமிழ் அறிவிப்பு நான். ஒரு மத்தியானம் மீனவர்களுக்குக் கடல் வானிலையை வாசித்துக்கொண்டிருந்தபோது ஆலயத்தில் மூவேளை செப மணி அடித்து, அதுவும் ஒலிவாங்கியில் விழுந்துவிட்டது. சில வாரத்தில் லைசென்ஸ் கொடுக்கும் அரசாங்க அலுவலகத்திலிருந்து காகிதம் வந்தது. ஒலிபரப்பில் மத ஒலி இடம்பெற்றதற்கு விளக்கம் வேண்டுமாம். அன்று காற்று பலமாக இருக்கும் என்று சொன்னது அந்த மேதாவிகளின் காதில் ஏறவில்லை, மணி மட்டும் ஏறியிருக்கிறது. "மணி எங்கள் ஊழியர் அல்ல" என்று நீங்கள் பதில் எழுதினீர்கள். நிலையத்தை நடத்தும் ஃபாதர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மன்னிப்புக் கடிதம் எழுதினார். மறுநாள் நீங்கள் வீட்டு மெத்தையைத் தலையில் சுமந்துவந்து ஜன்னலை அடைத்தீர்கள்.

அதோடு விட்டார்களா? பழைய பதிவுகளைக் கிளறியதில் உங்கள் ஞாயிறு பூசை அகப்பட்டது. படுக்கையை விட்டு எழ முடியாத தமிழர்களுக்காகக் காலை ஏழு மணிக்கு நீங்கள் போட்ட பூசை. முதலில் நோயாளிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பீர்கள். தன் பெயர் வருகிறதா என்று ஒவ்வொருவரும் காத்துக் கிடப்பார்கள்.

விசாரிக்க வந்த அதிகாரி நம் செலவில் பழம்பொரி தின்றுகொண்டே, "ரேடியோல மதம் பாடில்ல, கூடாது சாரே. ரூல் ரூல்தான்" என்றார்.

"நடக்க முடியாதவங்க பூசைக்கு எங்க போவாங்க?" என்று கேட்டீர்கள் நீங்கள்.

"டிவியில வருமல்லோ. அது வேற லைசென்ஸ்."

"அது மலையாளம் சாரே. வலி வந்தா இவங்களுக்குத் தமிழ்தான் வரும்."

அவர் இன்னொரு பழம்பொரி கேட்டார்.

இனி மத நிகழ்ச்சி போடமாட்டோம் என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போட நீங்கள் மறுத்தீர்கள். நான் போட்டேன். நிலையமாவது மிஞ்சட்டுமே என்றேன். "செரி, மிஞ்சிச்சு. அத வச்சு என்ன செய்யப் போற?" என்று கேட்டுவிட்டு வேலையை விட்டுப் போனீர்கள்.

பிறகு உங்களுக்கே பக்கவாதம் வந்தது. ஒரு ஞாயிறு காலை தம்பானூரில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். தலையணைப் பக்கத்தில் நம் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு வாழைக்கு வரும் வாடல் நோய் பற்றிப் பேசினார்கள். "வாழைக்குச் சீக்குன்னா ரேடியோ வருது. எனக்கு வரல, பாத்தியா" என்று கோணிய வாயால் சொன்னீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. வெட்கமாகிவிட்டது. வானொலியை நிறுத்திவிட்டு அன்றைய நற்செய்தியை வாசித்தேன். "வானிலை மாதிரி வாசிக்காத" என்றீர்கள். அடுத்த ஞாயிறு நீங்கள் இல்லை.

அந்த அலுவலகத்துக்கு இன்றும் மாதாமாதம் படிவம் போகிறது. 'மத உள்ளடக்கம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் படிவம் கேட்பவர்களையும் எனக்குப் பிடிக்கவில்லை, எழுதுகிற என் கையையும் பிடிக்கவில்லை.

உங்கள் பெயர்ப் பட்டியல் என் பையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த வீடுகளுக்குப் போய், பெயர் சொல்லி, நற்செய்தி வாசிக்கிறேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பழவங்காடிச் சந்தில் படுத்திருக்கும் ஹோட்டல் சமையல்காரர் போன வாரம், "நீ மூணு மாசம் கழிச்சு வாற. அந்த அண்ணன் எல்லா வாரமும் வருவாரு" என்றார்.

உண்மைதான் அண்ணே. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கு நாலு வீடுதான் முடிகிறது. நான் கையெழுத்துப் போடும்வரை, நீங்கள் ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் இருந்தீர்கள்.