சரசக்காவின் ஆல்பத்தில் ஒரு காலிப் பக்கம்

அதட்டினாலும் சிரிப்பு வரும் குரல்காரியான என் சரசக்காவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் இரண்டாவது தீபாவளியும் முடிந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் நலம். மச்சான் இப்போது தானே ரசம் வைக்கிறார். புளியை அள்ளிப் போட்டுவிடுகிறார், நாங்களும் முகத்தைச் சுளிக்காமல் குடித்துவிடுகிறோம். உன் மகள் தர்ஷினிக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஒரு பொய்யை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன மாதம் பாக்கார் ஆராங்கில் இருக்கும் என் கடைக்கு இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். கல்யாணப் படம் எடுக்கிறவர்களைப் பேட்டி கண்டு இணையத்தில் போடுகிறார்களாம். என் நாற்காலியை நகர்த்தி, என் விளக்கையே என் முகத்தில் அடித்து, "அண்ணே, உங்க இன்ஸ்பிரேஷன் யாரு?" என்று கேட்டார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெளிச்சம்தான் என் குரு" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன் அக்கா. செமிலிங்கில் இருக்கும் பெரியம்மா வரைக்கும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார்கள். நீ இருந்திருந்தால், "வெளிச்சமாம்லா! கரண்டு பில்லு கட்டுறவன் மாதிரி பேசுறான் பாரு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்திருப்பாய்.

உன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் உன்னைச் சொன்னால் அந்தக் காலிப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டுமே. அதற்குத்தான் வெட்கப்பட்டேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் வாயால் ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நீ கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் போனஸில் எனக்கு ஒரு ஃபிலிம் கேமரா வாங்கிக் கொடுத்தாய். "இனிமே சும்மா சுத்தாதடா" என்றாய், அவ்வளவுதான். அடுத்த வருஷமே உனக்குக் கல்யாணம் கூடி வந்தது. வெளி ஆள் வேண்டாம், என் அக்கா கல்யாணத்தை நான்தான் எடுப்பேன் என்று அப்பாவிடம் அடம்பிடித்தேன். பீடோங் பக்கத்தில் நாம் குடியிருந்த தோட்டத்துக் கோயிலில் எங்கே நிற்பது, எப்போது குனிவது என்று ஒரு வாரம் பழகிப் பார்த்தேன். பூசாரி என்னைப் பார்த்து என்ன நினைத்தாரோ!

முகூர்த்த நேரத்தில் பெரியம்மா என் கையைப் பிடித்து மஞ்சள் அரிசியைத் திணித்தார்கள். கெட்டிமேளம் கொட்டியது. எல்லாரும் அரிசியைப் போட்டார்கள், நானும் போட்டேன். இரண்டு கையாலும் அள்ளி வீசினேன். கேமரா பாட்டுக்குக் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு நினைவு வந்தபோது நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டு முடித்திருந்தார்.

நீ திட்டவே இல்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். நீயே உட்கார்ந்து ஆல்பம் ஒட்டினாய். முகூர்த்தப் புடவை வாங்கும் படத்துக்கும் மாலை மாற்றும் படத்துக்கும் நடுவில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டாய். வெறும் பக்கமாகவா விட்டாய்? படத்தைச் செருகுகிற நாலு மூலைகளையும் ஒழுங்காக ஒட்டி வைத்தாய். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பக்கத்தை விரித்து, "இதான் தாலி கட்டுற படம், நல்லா பாருங்க. எங்க போட்டோகிராஃபரு அரிசி போடப் போயிட்டாரு" என்பாய். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அந்தக் கோபத்தில்தான் நான் தொழில்காரன் ஆனேன் அக்கா. இரண்டு கேமரா, பை நிறைய பேட்டரி. எடுத்த கல்யாணங்களுக்குக் கணக்கில்லை, ஒரு தாலியையும் தவறவிட்டதில்லை. ஒரு பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அரிசி போட்டதும் இல்லை. அட்சதைத் தட்டு என் பக்கம் வந்தால் தலையை ஆட்டி அனுப்பிவிடுவேன்.

ஆனால் வேகம் இருந்த அளவுக்கு விவரம் இல்லை. ஊரில் எல்லாரும் எடுப்பதையே நானும் எடுத்தேன். மாப்பிள்ளையைக் குதிக்கச் சொல்வேன், பெண்ணைச் செம்பனை மரத்தில் சாயச் சொல்வேன். ஒருமுறை கோத்தா கோலா மூடா மீன் சந்தைக்கு ஒரு ஜோடியைக் காலையிலேயே கூட்டிப் போய்ப் படகோரம் நிறுத்தினேன். அங்கே மீன் ஏலத்தில் விலையைக் காதோடு காதாகக் கிசுகிசுப்பார்கள். அவர்களுக்கு நடுவில் நான் மட்டும் "சிரிங்க, சிரிங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். பெண் பட்டுப்புடவை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டது. உன்னிடம் வந்து பெருமையாகப் படத்தைக் காட்டினேன். "அந்தப் பொண்ணு பாவம்டா" என்றாய்.

அப்புறம் இனிப்பு நீர் வியாதி முற்றி உன் சிறுநீரகத்தைக் கெடுத்தது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க உன்னைக் காரில் கூட்டிப் போய், நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பொழுது போகட்டும் என்று மடிக்கணினியை உன் முன்னால் வைத்தேன். முன்பின் தெரியாதவர்களின் கல்யாணத்தை நீ ஒன்று விடாமல் பார்த்தாய். தாதிகளை "மிஸ்ஸி, இங்க வாங்க, இந்த நெக்லஸைப் பாருங்க" என்று கூப்பிட்டுக் கூட்டம் சேர்ப்பாய். முதல் நாள் ஒரு செமிலிங் கல்யாணத்தைப் பார்த்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாய்.

"படமெல்லாம் சோக்காதான் இருக்கு. இந்தப் பொண்ணோட அம்மா எங்கடா?"

தேடினேன். நாலே படத்தில் இருந்தார்கள். ஒன்றில் முதுகு, ஒன்றில் பாதிக் கை, மற்ற இரண்டில் தட்டுக்குப் பின்னால்.

"அவங்க வேலையா இருந்தாங்கக்கா."

"அதைத்தான்டா எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக என்னதான் எடுத்துக்கொண்டிருந்தேன்? அடுத்த கல்யாணத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுப் பக்கம் போனேன். பந்தி முடிந்து காலியான வரிசையில், பெண்ணின் அம்மா தனியாக உட்கார்ந்து அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூக்குத்தி ஒரு பக்கம் திரும்பியிருந்தது. இடது கையில் மண்டபச் சாவி. அந்தப் படத்தைத்தான் அந்த வீட்டில் பெரிதாக்கி மாட்டினார்கள். குணா அண்ணன் மாதிரி யாரும் அம்மாக்களை எடுப்பதில்லை என்று அதற்குப் பிறகுதான் ஊரில் பேச்சு வந்தது. பேட்டிக்கு வந்த பிள்ளைகள் அந்தப் படத்தைக் காட்டித்தான் என்னிடம் கேட்டார்கள். நான் வெளிச்சம் என்றேன். என்னை என்ன செய்யலாம், சொல்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தர்ஷினியின் கல்யாணத்தை நான்தான் எடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். அம்மாவின் தாலியை விட்டேன், மகளின் தாலியையாவது என் கையால் எடுத்து உன் காலிப் பக்கத்துக்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வரும் தாய்மாமன் முறைக்கு நம் சித்தப்பா மகன் செல்வத்தை நிற்கச் சொன்னேன். மச்சானுக்குப் பிடிக்கவில்லை. "உன் இஷ்டம்லா" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்த்தார்.

போன புதன்கிழமை தர்ஷினி வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தாள். கையில் ஒரு நெகிழிப் பை, அதற்குள் உன் ஆல்பம்.

"செல்வம் மாமாதான் நிக்கிறாராமே?"

"முறைக்கு யாராச்சும் நின்னா போதும்மா. படம்தான் முக்கியம்."

"சரி மாமா. நாளைக்கு என் ஆல்பத்தைப் பார்த்துட்டு, இந்தப் பொண்ணோட அம்மா எங்கேன்னு யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்றது? அம்மா இல்ல. ஓகேலா. அம்மாகூடப் பொறந்தவரும் இல்லையா?"

துடைத்து வைத்திருந்த லென்ஸையே மறுபடி எடுத்துத் துடைத்தேன். அவள் ஆல்பத்தை மேசையில் விரித்து, அந்தக் காலிப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இதைப் பத்தி அம்மா உங்ககிட்ட சொன்னாங்களா?"

"ஊர் முழுக்கச் சொன்னாளேம்மா."

"அது இல்ல மாமா. தாலி ஏறுறப்போ அம்மா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாங்களாம். சுத்தி அத்தனை பேரு நிக்கிறாங்க, உங்க முகம் மட்டும்தான் தெரிஞ்சுச்சாம். ரெண்டு கையும் மேல, அழுதுகிட்டே சிரிச்சீங்களாம். கேமரா முகத்துக்கு முன்னாடி இருந்திருந்தா அந்த முகத்தைப் பார்த்திருக்க முடியாதுன்னாங்க. அதான் அங்க வேற படம் வேணாம்னு விட்டுட்டாங்களாம். ஆஸ்பத்திரில இருந்தப்போ சொன்னாங்க."

ஏன் அக்கா இதை என்னிடம் சொல்லவில்லை? சொன்னால் கேலி பண்ண ஒன்றும் மிஞ்சாது என்று நினைத்தாயா? நான் ரோஷப்பட்டு முன்னேறட்டும் என்று விட்டுவிட்டாயா? கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கத் தெரியவில்லை, இப்போது கேட்டு என்ன பயன்? கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, "அப்புறம் வரேன் தம்பி" என்று திரும்பிப் போனார்.

மறுநாள் பீடோங் நாதனுக்குப் போன் செய்தேன். மேடை முழுக்கப் புகையை விட்டுப் படம் எடுக்கிறானே, கொசு மருந்து அடிக்கிறவன் என்று நான் ஊரெல்லாம் கிண்டல் பண்ணுவேனே, அவன்தான். "குணாண்ணனா? தப்பா போன் பண்ணிட்டீங்களா?" என்றான். தர்ஷினி கல்யாணத்தை அவன்தான் எடுக்க வேண்டும் என்றேன். "சரசக்கா மகளா? வரேன்ணே. புகை வேணாம், தெரியும்" என்றான். அதோடு விட்டேனா? எங்கே நிற்க வேண்டும், மேளக்காரரை எப்போது பார்க்க வேண்டும் என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணே, அரிசி எப்படிப் போடுறதுன்னு நான் உங்களுக்குச் சொல்லித் தரவா?" என்றான். உனக்கு அவனைப் பிடித்துப்போகும்.

இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு அக்கா. ஞாயிற்றுக்கிழமை இரண்டு கேமராவும் கடையில் பூட்டியிருக்கும். மச்சான் எடுத்துத் தந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, உன் மகளின் கையைப் பிடித்து நானே மணவறைக்குக் கூட்டி வருவேன். அட்சதைத் தட்டு வந்தால் தலையாட்ட மாட்டேன். தர்ஷினியிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன், தாலி ஏறும்போது ஒரு தடவை நிமிர்ந்து பார் என்று. நாதன் அந்தப் படத்தை எடுக்கட்டும், தவறவிடட்டும், அது அவன் பாடு. அவள் பார்க்கிற இடத்தில் நான் நிற்பேன், என் முகத்தை மறைக்க ஒன்றும் இருக்காது.

இரண்டு கை நிறைய அரிசியோடு,
உன் தம்பி,
தர்ஷினியின் தாய்மாமன்,
குணா