இரண்டு வேளைத் தண்ணீர்

மார்ச் 11, புதன்

காலையில் டார்ச் லில்லிப் பூச்செடியின் நடுக்குருத்தைத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது. அடியில் அழுகல் நாற்றம். இந்தக் குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் நட்டு மூன்று வருடம். போன மாதம்தான் முதல் பூத்தண்டு எட்டிப் பார்த்தது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மக் போதும், வேரில் ஈரம் தேங்கினால் போச்சு என்று நர்சரிக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். தண்ணீர் விடுவது என் வீட்டுக்காரர் வேலை. மகன் கல்யாணப் பேச்சில் சண்டை வந்து, பத்து நாளாக எங்களுக்குள் பேச்சில்லை. இவர் எங்கே செடியைக் கவனிக்கப்போகிறார் என்று, ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பும் முன் நானே தினமும் விட்டேன். கோபத்தில் மக் வாளியாகிவிட்டது.

சாயங்காலம் வந்தால், இவர் செடி பக்கத்தில் குந்தியிருக்கிறார்.

"நீயும் தண்ணி விட்டியா?"

"காலைல. நீங்க?"

"சாயங்காலம். உனக்கு ஏது நேரம்னு நெனச்சேன்."

இரண்டு பேருமாகத் தோண்டினோம். ஒரு பக்கக்கன்று மட்டும் கெட்டியாக இருந்தது. அழுகலை வெட்டிவிட்டு, மணல் கலந்து மேடாக்கி நட்டோம்.

"நாலு நாளைக்கு யாரும் தண்ணி விட வேண்டாம்," என்றார். சரி என்றேன். மகன் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று வாளியை ஒளித்துவைக்கப் போனேன். காணோம். தேடினால், கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, அவர் படுக்கும் பக்கம்.

மக்கை மட்டும் நான் என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.