குங்குமம் வைத்த கடலம்மா

இதை யார் எடுத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் நிச்சயமாக வேண்டாம். எடுத்த இடத்திலேயே, மெத்தைக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

பிப். 4, புதன்

பனி. ஸ்கூல் பஸ் நாற்பது நிமிடம் லேட்.

வீட்டுக்கு வந்தால் என் ஓவியம் குப்பைத் தொட்டியில். நான்கு துண்டு. யெமான்ஜா. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிரேசிலுக்குப் போனவர்கள் மனதில் வைத்துக் கொண்டுபோன கடல் தெய்வம். என் ஃபிரெண்ட் நயோமி வீட்டில் இன்றும் அவளுக்குப் பூப் போடுகிறார்கள். முகத்துக்கு நயோமியே மூன்று மதியம் அசையாமல் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை பள்ளியில் கண்காட்சி. அதைப் பார்க்க அவள் அம்மா லீவு போட்டுவிட்டார்.

கிழித்தது அம்மா. "தை வெள்ளிக்கு நாலு பேர் வர்ற வீடுடி. பேய் மாதிரி கன்னங்கரேல்னு! எனக்கே பயமா இருக்கு."

நம் பெருமாள் என்ன கலராம்? கேட்கவில்லை.

விடமாட்டேன்.

பிப். 5, வியாழன்

பனி விடுமுறை. அம்மா மாடியில் மீட்டிங். கராஜில் விரல் விறைக்க விறைக்க மறுபடி வரைந்தேன். அதே முகம், இன்னும் கறுப்பாக. உடம்பில் அம்மாவின் நீலப் பட்டு, மூக்கில் அம்மாவின் வைர மூக்குத்தி. வேண்டுமென்றேதான்.

சாப்பாடு: ரசம், சிப்ஸ்.

பிப். 6, வெள்ளி

விளக்கு பூஜை. அம்மா பொங்கல் கிளறும்போது படத்தைக் குத்துவிளக்குக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன்.

முதலில் வந்தது எதிர்வீட்டு பிரேமா ஆன்ட்டி. "ஐயோ, கன்னியாகுமரி அம்மன்! மூக்குத்தி என்னமா மின்னறது பாரேன்!" சட்டென்று நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார். அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். முகம் வெளுத்துப் போனது.

"வீட்டுக்காரி நீங்கதானே, ஆரத்தி எடுங்கோ" என்றார் ஆன்ட்டி.

எடுத்தாள். என்ன ஒரு சந்தோஷம் எனக்கு! போதவில்லை.

"கன்னியாகுமரி இல்ல ஆன்ட்டி. யெமான்ஜா. முகம் என் ஃபிரெண்ட் நயோமியோடது. மால்ல பக்கத்துல வந்ததும் ஹேண்ட்பேக்கை இறுக்கிப் பிடிச்சுண்டேளே, அந்தப் பொண்ணு."

ஆன்ட்டி விரலில் மிச்சக் குங்குமம், எங்கே துடைப்பதென்று தெரியாமல்.

எல்லோரும் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். அம்மா ஒரே ஒரு வார்த்தை: "இரு."

படம் கட்டிலுக்கு அடியில். கதவுக்கு நாற்காலி முட்டுக் கொடுத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். இதையும் கிழித்தால் மூன்றாவது வரைவேன். அதில் கிழிக்கிற கையும் இருக்கும், வளையல் வரைக்கும் அச்சாக. கீழே அம்மாவின் பெயர் எழுதுவேன், திங்கட்கிழமை நயோமியின் அம்மா படிக்கிற மாதிரி பெரிய எழுத்

தட்டுகிறாள்